இ20 பெட்ரோலும் இன்ஜின் கிளீனர் புட்டிகளும்: எது பலன் தரும், எது வீண் செலவு?

திருவனந்தபுரம்: நாடு முழுவதும் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வழக்கமான எரிபொருளாகிவிட்ட நிலையில், இன்ஜினைச் சுத்தம் செய்வதாகவும் குறைந்த மைலேஜை மீட்டுத் தருவதாகவும் கூறும் சிறு புட்டிகள் வாகன உரிமையாளர்களின் கவனத்தை ஈர்த்து வருகின்றன. அடிட்டிவ் எனப்படும் இந்த எரிபொருள் சேர்க்கைப் பொருட்கள் பெட்ரோல் பங்க்குகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இணையவழி விற்பனைத் தளங்களிலும் கிடைக்கின்றன. விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்.

கேரளத் தலைநகரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு. நாட்டிலேயே பெட்ரோல் விலை மிக அதிகமாக உள்ள மாநிலத் தலைநகரங்களுள் திருவனந்தபுரமும் ஒன்று. 2025-ஆம் ஆண்டில் இங்கு ஒரு லிட்டர் பெட்ரோல் ரூ.107-ஐ ஒட்டி விற்பனையானது. 2023 ஏப்ரல் முதல் மாநில அரசு லிட்டருக்கு ரூ.2 சமூகப் பாதுகாப்புக் கூடுதல் வரி வசூலிப்பதும் இதற்கு ஒரு காரணம். களியக்காவிளை எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டில் விலை சில ரூபாய் குறைவு. இத்தகைய நகரில் மைலேஜில் ஏற்படும் சிறு சரிவும் குடும்ப வரவு செலவில் உடனே தெரியும். புட்டியின் மீதான நாட்டமும் அங்கிருந்தே பிறக்கிறது.

இந்தப் புட்டிகளில் உள்ள வேதியியல் பொய்யன்று. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வகங்களில் சோதிக்கப்பட்ட அறிவியல் அதன் பின்னே உள்ளது. ஆனால் அது தீர்க்கக்கூடிய சிக்கல் ஒன்று. வாகன உரிமையாளர்கள் இன்று கவலைப்படும் சிக்கல்கள் மூன்று. இந்த வேறுபாடு தெளிவானால், எந்தப் புட்டியை வாங்குவது என்ற கேள்விக்கு முன்பாகவே, புட்டி தேவையா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மூன்று வேறு சிக்கல்கள்

முதல் சிக்கல், படிவு. எரிபொருள் முழுமையாக எரியாதபோதும், வெப்பத்தில் சிதையும்போதும் கார்பனும் பிசினும் இன்ஜினின் உட்பகுதிகளில் ஒட்டிக்கொள்கின்றன. சுத்திகரிக்கும் அடிட்டிவ்கள் செயல்படும் களம் இதுவே.

இரண்டாவது சிக்கல், ஆற்றல் குறைவு. ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ள வெப்ப ஆற்றலுடன் ஒப்பிட்டால், ஒரு லிட்டர் எத்தனாலில் இருப்பது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். எனவே எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட இ20 எரிபொருளில் லிட்டருக்கு ஏறக்குறைய 7 சதவீத ஆற்றல் குறைவு. 10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலுடன் ஒப்பிட்டால் இந்தக் குறைவு 3 முதல் 4 சதவீதம். எத்தனாலின் உயர்ந்த ஆக்டேன் அளவைப் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்ட இன்ஜின்களில் இதன் ஒரு பகுதி ஈடாகிறது.

மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட விளக்கமும் இதையொட்டியே அமைந்தது. இ10-க்கு வடிவமைத்து இ20-க்கு ஏற்பச் சீரமைத்த நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் சுமார் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்று அமைச்சகம் தெரிவித்தது. இந்தக் குறைவு எரிபொருளின் இயல்பிலேயே உள்ளது. சில மில்லி லிட்டர் திரவத்தை டேங்க்கில் ஊற்றி, 40 லிட்டர் எரிபொருளில் இல்லாத ஆற்றலை உருவாக்க முடியாது. இன்ஜினில் படிவு இருந்து, அதனால் மைலேஜ் குறைந்திருந்தால் மட்டுமே, அந்தப் பகுதியைச் சுத்திகரிப்பு மீட்டுத் தரும்.

மூன்றாவது சிக்கல், பொருட்களின் ஒத்துப்போகாமை. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. பழைய வாகனங்களின் ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்களையும் அது நாளடைவில் பாதிக்கக்கூடும். சில பழைய வாகனங்களில் இத்தகைய பாகங்களை 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பின் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று அமைச்சகமே குறிப்பிட்டது. உப்பிப்போன ரப்பரை எந்தச் சுத்திகரிப்புத் திரவமும் பழைய நிலைக்குக் கொண்டுவராது. அதற்குத் தீர்வு பாகத்தை மாற்றுவது மட்டுமே.

படிவு எங்கே சேர்கிறது?

இன்ஜினில் படிவு சேரும் முக்கிய இடங்கள் மூன்று: எரிபொருளைத் தூவலாகச் செலுத்தும் இன்ஜெக்டரின் நுனி, காற்று உள்ளே செல்லும் இன்டேக் வால்வின் பின்புறம், எரிபொருள் எரியும் அறை.

இன்ஜெக்டர் நுனித் துளைகள் மிக நுண்ணியவை. அங்குச் சிறிதளவு படிவு சேர்ந்தாலும் நுண்துளிகளாகச் சிதற வேண்டிய பெட்ரோல் தாரையாக ஒழுகும். காலையில் வண்டி கிளம்பச் சிரமப்படுதல், சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் நடுங்குதல் ஆகியவை இதன் அறிகுறிகள். வால்வின் பின்புறம் சேரும் படிவு கடற்பஞ்சுபோல் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டு, எரிபொருள், காற்று விகிதத்தைக் குலைக்கிறது. எரியும் அறையில் சேரும் படிவு அறையின் கொள்ளளவைக் குறைத்து வெப்பத்தைத் தேக்கிவைப்பதால், எரிபொருள் உரிய நேரத்துக்கு முன்பே தீப்பற்றி இன்ஜின் தட்டும் ஓசை எழலாம்.

குறுகிய தூர ஓட்டங்கள் படிவு சேர்வதற்குச் சாதகமானவை. இன்ஜின் முழு வெப்பநிலையை எட்டுவதற்குள் நிறுத்தப்படுவதே காரணம். குன்றுகளின் மீது எழுந்த திருவனந்தபுரத்தில் ஏற்றமும் இறக்கமும் சிக்னல்களுமாக ஓடும் ஸ்கூட்டர்களும் சிறிய கார்களும் இந்தச் சூழலுக்கு இலக்கானவை.

புட்டிக்குள் இருப்பது என்ன?

கடையில் அருகருகே அடுக்கப்பட்டிருந்தாலும் இந்தப் புட்டிகள் யாவும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. உட்பொருளைக் கொண்டு இவற்றை ஐந்து வகைகளாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பாலிஐசோபியூட்டிலீன் அமீன் என்ற சுத்திகரிப்பான் கொண்டவை. 1970-களிலிருந்து புழக்கத்தில் உள்ள இது இன்ஜெக்டரையும் வால்வையும் சுத்தமாக வைத்திருப்பதில் திறன்மிக்கது. ஆனால் எரியும் அறையின் கடும் வெப்பத்தில் இது முழுமையாகச் சிதையாமல், அங்குள்ள படிவைச் சற்று அதிகரிக்கவும் கூடும்.

இரண்டாவது வகை, பாலிஈதர் அமீன் கொண்டவை. அமெரிக்காவின் செவ்ரான் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் டெக்ரான் என்ற பெயரில் பரவலாக்கிய வேதிப்பொருள் இது. இதன் மூலக்கூறில் ஆக்சிஜனும் இருப்பதால் அதிக வெப்பத்தில் எச்சமின்றி எரிந்துவிடுகிறது. எரியும் அறைப் படிவையும் குறைக்கவல்லது என்பதே இதன் தனிச்சிறப்பு. ஏற்கெனவே சேர்ந்த படிவை நீக்க வேண்டிய நிலையில், வல்லுநர்கள் பொதுவாக முதலில் குறிப்பிடும் வேதிப்பொருள் இதுவே.

இவ்விரண்டும் இயங்கும் விதம் சீயக்காய் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதைப் போன்றது. மூலக்கூறின் அமீன் முனை படிவைப் பற்றிக்கொள்கிறது. மறுமுனை பெட்ரோலில் கரைகிறது. இவ்வாறு துகள் துகளாகப் பெயர்ந்த படிவு எரிபொருளோடு சென்று எரிந்து வெளியேறுகிறது.

மூன்றாவது வகை, வெறும் கரைப்பான்கள். மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த பெட்ரோலிய வடிபொருட்களே இவற்றின் பெரும்பகுதி. தரமான சுத்திகரிப்பான்களிலும் இத்தகைய கரைப்பான் ஊடகமாக இருக்கும். ஆனால் ஊடகம் மட்டும் இருந்து மருந்து இல்லாவிட்டால், இளகிய பிசின் சிறிது கரையலாமே தவிர, வால்வில் இறுகிய கார்பன் அசையாது.

நான்காவது வகை, உலோகச் சேர்மங்கள் கொண்ட ஆக்டேன் உயர்த்திகள். மாங்கனீசு அல்லது இரும்புச் சேர்மங்கள் ஆக்டேன் அளவை உயர்த்தும், படிவை நீக்கா. மாறாக, எரிந்தபின் செந்நிறச் சாம்பலை ஸ்பார்க் பிளக்கிலும், புகையைத் தூய்மைப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும் விட்டுச்செல்கின்றன. உலக வாகன உற்பத்தியாளர்கள் இணைந்து வெளியிடும் உலகளாவிய எரிபொருள் சாசனமும் சாம்பல் விடும் உலோகச் சேர்க்கைகளைத் தவிர்க்குமாறு வலியுறுத்துகிறது. ஆக்டேன் உயர்வுக்காகப் பெட்ரோலில் ஈயம் கலந்த வழக்கம் மக்களின் உடல்நலத்துக்கு விளைவித்த கேடு உலகறிந்தது. இந்தியா 2000-ஆம் ஆண்டில்தான் ஈயம் கலந்த பெட்ரோலை முற்றிலும் கைவிட்டது. உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா 2021-இல் கைவிட்டது.

ஐந்தாவது வகை, நீரை அகற்றுவதாகக் கூறப்படும் ஆல்கஹால் புட்டிகள். இவற்றில் பெரும்பாலும் இருப்பது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். நீரைத் தன்னுடன் கலந்து எரிய வைப்பதே இதன் வேலை. 20 சதவீதம் எத்தனால் இருக்கும் பெட்ரோலில் அந்த வேலையை எத்தனாலே செய்துவருகிறது என்பதால், 40 லிட்டர் டேங்க்கில் ஏற்கெனவே 8 லிட்டர் ஆல்கஹால் இருக்கும்போது மேலும் 200 மில்லி லிட்டர் சேர்ப்பதில் பொருளில்லை.

ஊசி இடம் மாறினால் மருந்து எட்டாது

சிறந்த சுத்திகரிப்பானும் படிவைத் தொட்டால்தான் நீக்கும். இங்கேதான் இன்ஜினின் அமைப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

வழக்கமான பெட்ரோல் இன்ஜின்களில் இன்ஜெக்டர், வால்வுக்கு முன்பாகவே பெட்ரோலைத் தூவுகிறது. அந்தப் பெட்ரோல் ஒவ்வொரு முறையும் வால்வைக் கழுவிச் செல்வதால், அதில் கலந்துள்ள சுத்திகரிப்பானும் வால்வை அடைகிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான பெரும்பாலான இருசக்கர வாகனங்களும் சாதாரண பெட்ரோல் கார்களும் இந்த வகையைச் சேர்ந்தவை.

ஆனால் அண்மைக்கால டர்போ பெட்ரோல் கார்கள் பலவற்றில் எரிபொருள் நேராக எரியும் அறைக்குள் செலுத்தப்படுகிறது. வால்வின் பின்புறத்தைப் பெட்ரோல் தொடுவதே இல்லை. இன்ஜின் ஆயில் ஆவி அங்கே படிந்து கருகுகிறது. டேங்க்கில் எத்தனை புட்டிகளை ஊற்றினாலும் அந்தப் படிவு நீங்காது. வால்வைத் திறந்து, அக்ரூட் ஓட்டுத் துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வதே அதற்கு நிலைத்த வழியாக உள்ளது. இந்தக் குறையைத் தவிர்க்கவே டொயோட்டா உள்ளிட்ட நிறுவனங்கள் சில இன்ஜின்களில் இரு இடங்களிலும் இன்ஜெக்டர்களைப் பொருத்தின. நேரடிச் செலுத்து இன்ஜின்களில் அடிட்டிவ் செய்யக்கூடியது, இன்ஜெக்டர் நுனியைச் சுத்தமாக வைத்திருப்பது மட்டுமே. அதுவும் பயனுள்ளதுதான், எனினும் முழு இன்ஜினும் சுத்தமாகும் என்ற வாக்குறுதி இங்குப் பொருந்தாது.

டீசல் வாகனங்களின் கணக்கு வேறு. இன்றைய டீசல் இன்ஜெக்டர்கள் பல நூறு மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இயங்குகின்றன. துளையின் நுனியில் மட்டுமன்றி இன்ஜெக்டரின் உள்ளே அசையும் பாகங்களிலும் மெல்லிய படலம் உருவாகி அவை சிக்கிக்கொள்ளும் சிக்கல் உண்டு. இதற்கெனப் பயன்படும் சுத்திகரிப்பான்கள் சக்சினிமைடு வகையைச் சேர்ந்தவை. பெட்ரோலுக்கான புட்டியை டீசலிலும், டீசலுக்கானதைப் பெட்ரோலிலும் ஊற்றுவது பயனற்றது. சில வேளைகளில் தீங்கானது. பிஎஸ்-6 வாகனங்களின் புகைபோக்கியில் துகள் வடிகட்டி இருப்பதால், சாம்பல் விடும் சேர்மங்கள் அதையும் அடைத்துவிடும்.

மழையும் நிறுத்திவைத்த கார்களும்

ஆண்டுக்கு இரு பருவமழைகளைக் காணும் திருவனந்தபுரத்தில் காற்றின் ஈரப்பதம் எப்போதும் அதிகம். எத்தனால் கலந்த பெட்ரோல் குறிப்பிட்ட அளவு நீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அந்த அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். எரிபொருள் பம்பு முதலில் உறிஞ்சுவது அந்த அடுக்கைத்தான். இவ்வாறு பிரிந்துவிட்ட எரிபொருளை எந்த அடிட்டிவாலும் சீராக்க இயலாது. டேங்க்கைக் காலிசெய்து கழுவுவதே ஒரே வழி. இன்ஜின் திடீரென நின்றதற்குக் காரணம் படிவு எனக் கருதிப் புட்டியை வாங்கி ஊற்றுவோர், உண்மையான காரணமான நீரைக் கண்டறியும் நேரத்தை இழக்கின்றனர்.

கேரளத்துக்கே உரிய மற்றொரு சூழலும் உண்டு. வளைகுடா நாடுகளில் பணிபுரிவோரின் வீடுகளில் கார்கள் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருக்கும். நின்ற நிலையில் பெட்ரோல் ஆக்சிஜனுடன் வினைபுரிந்து பிசினாக மாறத் தொடங்குகிறது. இங்குப் பயன்படக்கூடியது சுத்திகரிப்பான் அன்று. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் நிலைநிறுத்தி. அதையும் வாகனத்தை நிறுத்துவதற்கு முன்பே, புதிய பெட்ரோலில் சேர்த்துச் சிறிது தூரம் ஓட்டினால்தான் பலன் உண்டு. பிசின் உருவான பின் ஊற்றினால் அது வேலை செய்யாது.

நீண்ட காலம் ஓடிய பழைய வாகனங்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எத்தனால் நல்ல கரைப்பான் என்பதால் டேங்க்கின் அடியில் பல ஆண்டுகளாகத் தேங்கிய கசடையும் துருவையும் அது பெயர்த்தெடுக்கும். அவை சென்று அடைவது எரிபொருள் பில்டரை. அதே வேளையில் வீரியமான கிளீனரையும் ஊற்றினால் அடைப்பு விரைவாகலாம். இத்தகைய வாகனங்களில் முதலில் பில்டரை மாற்றுவது, புட்டியை வாங்குவதைவிடப் பயனுள்ள செலவு.

விளம்பரமும் சான்றும்

அடிட்டிவ் விளம்பரங்களைச் சீர்தூக்கிப் பார்க்க, அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த வழக்கு ஒன்று இன்றும் வழிகாட்டுகிறது. கலிபோர்னியா ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1970-இல் எப்-310 என்ற சுத்திகரிப்பான் கலந்த செவ்ரான் பெட்ரோலை அறிமுகப்படுத்தியது. தொலைக்காட்சி விளம்பரத்தில் காரின் புகைக்குழாயில் பலூன் பொருத்தப்பட்டது. முதலில் அது கரும்புகையால் நிரம்பியது. அந்தப் பெட்ரோலை ஆறு முறை நிரப்பி ஓட்டிய பின், பலூன் தெளிவாகக் காட்சியளித்தது.

அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதை விசாரித்தது. முதல் காட்சியில் தோன்றிய கார், இன்ஜின் மிக மோசமாக அழுக்கடைய வேண்டும் என்பதற்காகத் தனியாகத் தயாரிக்கப்பட்ட எரிபொருளில் ஓட்டப்பட்டது தெரியவந்தது. புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அதில் மாசு இல்லை என்றாகிவிடாது என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. விளம்பரம் மக்களைத் தவறாக வழிநடத்துவதாக 1974-இல் ஆணையம் தீர்ப்பளித்தது. ஆணையத்தின் உத்தரவு மிகப் பரந்தது எனக் கூறி அதன் வரம்பைக் குறைத்தபோதிலும், விளம்பரம் குறித்த முடிவை 1978-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. கவனிக்க வேண்டியது என்னவெனில், அந்தச் சேர்க்கைப் பொருள் படிவை உண்மையாகவே குறைத்தது. அதன் மீது ஏற்றிச் சொல்லப்பட்ட வாக்குறுதியே பொய்த்தது. புட்டிச் சந்தையில் இன்றும் நுகர்வோர் எதிர்கொள்வது பெரும்பாலும் இதே நிலைதான்.

மறுபுறம், சுத்திகரிப்பானின் பயனை உறுதிசெய்யும் சான்றுகளும் உள்ளன. அமெரிக்காவில் 1995 ஜனவரி முதல் எல்லாப் பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு சுத்திகரிப்பான் கட்டாயமாக்கப்பட்டது. அந்த அளவு போதாது எனக் கருதிய பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா ஆகிய நிறுவனங்கள் 2004-இல் டாப் டியர் என்ற உயர்தர முத்திரையை உருவாக்கின. அமெரிக்க வாகன உரிமையாளர் சங்கமான ஏஏஏ 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 6,400 கிலோமீட்டருக்கு நிகரான ஆய்வகச் சோதனையின் முடிவில், டாப் டியர் அல்லாத பெட்ரோல் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவை விட்டுச்சென்றது கண்டறியப்பட்டது.

அதே அமெரிக்காவில், எரிபொருளைச் சேமிப்பதாகக் கூறப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளையும் சேர்க்கைப் பொருட்களையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டது. மைலேஜைக் கணிசமாக உயர்த்துபவை எவையும் அவற்றில் இல்லை. இந்த இரு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. சுத்தமாக வைத்திருத்தல் வேறு. இல்லாத ஆற்றலைத் தருதல் வேறு.

வலியமலை காட்டும் வழி

எரிபொருள் படிவு என்ற சிக்கலுடன் திருவனந்தபுரத்தின் ராக்கெட் பொறியாளர்களும் மல்லுக்கட்டுகின்றனர். நகருக்கு வெளியே வலியமலையில் இஸ்ரோவின் திரவ உந்து அமைப்புகள் மையம் உள்ளது. அம்மையம் உருவாக்கிவரும் செமி கிரையோஜெனிக் இன்ஜின், திரவ ஆக்சிஜனையும் சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெயையும் எரித்து 2,000 கிலோநியூட்டன் உந்துவிசை தரும் திட்டமாகும். இதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச் 28 அன்று தமிழ்நாட்டின் மகேந்திரகிரியில் வெற்றிகரமாக எரியூட்டிச் சோதிக்கப்பட்டன.

இத்தகைய இன்ஜின்களில் மண்ணெண்ணெய், எரிவதற்கு முன் இன்ஜின் சுவரில் உள்ள நுண்ணிய கால்வாய்கள் வழியே பாய்ந்து அதைக் குளிர்விக்கிறது. சாதாரண மண்ணெண்ணெயில் உள்ள கந்தகமும் நிலையற்ற ஹைட்ரோகார்பன்களும் அந்த வெப்பத்தில் கரியாகி, கால்வாய்களை அடைத்துவிடும். எனவே ராக்கெட் துறை, படிவை உருவாக்கும் பொருட்களை எரிபொருளிலிருந்து முன்கூட்டியே நீக்கிவிடுகிறது. இஸ்ரோவில் இஸ்ரோசீன் என்று அழைக்கப்படும் எரிபொருள் இத்தகையது.

சாலை வாகனங்களுக்கும் இக்கொள்கை பொருந்தும். பிஎஸ்-6 விதிகள் எரிபொருளில் கந்தகத்தின் அளவை 50 பிபிஎம்-இலிருந்து 10 பிபிஎம்-ஆகக் குறைத்தது அந்தத் திசையில் எடுத்த படியாகும். ஆலையிலும் கிடங்கிலும் உறுதிசெய்யப்படும் தரத்துக்கு டேங்க்கில் ஊற்றும் புட்டி மாற்றாகாது.

பங்க்கிலா, புட்டியிலா?

இந்திய நுகர்வோருக்கு மற்றொரு தேர்வும் உள்ளது. இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு, இந்துஸ்தான் பெட்ரோலியத்தின் பவர் ஆகிய உயர்ரகப் பெட்ரோல்கள் சுத்திகரிப்பான் சேர்க்கப்பட்டவையாக விற்கப்படுகின்றன. லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல் விலை. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்திய எக்ஸ்பி100, டெல்லியில் அப்போது லிட்டர் ரூ.160-க்கு விற்கப்பட்டது. உயர் ஆக்டேன் என்பது வேறு, சுத்திகரிப்புத் திறன் என்பது வேறு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சாதாரண இன்ஜினுக்கு 100 ஆக்டேன் எரிபொருளால் கூடுதல் பலன் இல்லை.

பங்க்கில் கலந்து வரும் சுத்திகரிப்பான் சிறிய அளவில் தொடர்ந்து செயல்பட்டு, படிவு சேராமல் காக்கிறது. புட்டி அதைவிடப் பல மடங்கு செறிவுடன், சேர்ந்த படிவை நீக்குவதற்காக ஒரு முறை தரப்படும் மருந்து. அறிகுறி ஏதுமின்றி ஓடும் வாகனத்துக்கு அடுத்தடுத்துப் புட்டி ஊற்றுவது தேவையற்றது. அளவுக்கு மீறினால் எரியாத சுத்திகரிப்பான் இன்ஜின் ஆயிலில் கலக்கும். எனவே ஆயில் மாற்றும் தேதிக்குச் சற்று முன்பாகப் பயன்படுத்துவதே சிறந்தது எனப் பரிந்துரைக்கப்படுகிறது.

கணக்கும் அதையே காட்டுகிறது. மாதம் 900 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டருக்கு 20 லிட்டர், அதாவது ரூ.2,140 செலவாகிறது. மைலேஜ் 3 முதல் 6 சதவீதம் குறைந்தால் கூடுதல் சுமை ஏறத்தாழ ரூ.66 முதல் ரூ.137 வரை. எத்தனாலால் வரும் இந்த இழப்பை ஈடுகட்டும் எண்ணத்தில் மாதந்தோறும் சில நூறு ரூபாய்க்குப் புட்டி வாங்கினால், இழப்பு இரட்டிப்பாகும். டயரில் காற்றழுத்தம், ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக் ஆகியவற்றைச் சரிபார்ப்பதற்கு இதைவிடக் குறைவாகவே செலவாகும்.

வாகனத்தின் கையேட்டைப் பார்ப்பதும் அவசியம். உற்பத்தியாளர் ஏற்காத சேர்க்கைப் பொருளால் பழுது ஏற்பட்டால் உத்தரவாதத்தில் சிக்கல் எழலாம். அதே வேளையில், ஹூண்டாய் நிறுவனத்தின் சில கையேடுகள், உயர்தரச் சுத்திகரிப்பான் கலந்த பெட்ரோல் கிடைக்காத இடங்களில் குறிப்பிட்ட இடைவெளியில் அடிட்டிவ் சேர்க்கலாம் என்று கூறுகின்றன. ஒரு நிறுவனத்துக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்த வேண்டிய கட்டாயமில்லை.

தேர்வு குறையும்போது தகவல் பெருக வேண்டும்

எத்தனால் இல்லாத பெட்ரோலையும் விற்பனையில் வைக்க வேண்டும், பங்க்குகளில் எத்தனால் அளவைத் தெளிவாக அறிவிக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவைக் குறைத்தல், விவசாயிகளின் வருவாயைப் பெருக்குதல், கரியமில வாயு வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றை இ20 திட்டத்தின் பயன்களாக மத்திய அரசு முன்வைக்கிறது. திட்டத்தின் தகுதி எவ்வாறாயினும், சாதாரண வாகன உரிமையாளருக்கு எரிபொருளில் தேர்வு சுருங்கிவிட்டது என்பது உண்மை. தேர்வற்ற இடத்தில் எழும் அச்சத்தைப் புட்டி விற்பனையாளர்கள் எளிதில் பயன்படுத்திக்கொள்ள முடியும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், வீரியம், தூய்மை ஆகியவற்றை அறியும் உரிமையை வாங்குவோருக்கு வழங்குகிறது. தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறை ரூ.10 லட்சம் வரையிலும், மீண்டும் நிகழ்ந்தால் ரூ.50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் அளிக்கவும் வழியுண்டு.

ஆயினும், முன்புற முகப்பில் மைலேஜ் சதவீதத்தைப் பெரிதாக அச்சிடும் பல புட்டிகள், உள்ளே உள்ள சுத்திகரிப்பானின் பெயரையும் செறிவையும் குறிப்பிடுவதில்லை. அது எந்த வகை இன்ஜினில், எத்தனை கிலோமீட்டர் ஓட்டிச் சோதிக்கப்பட்டது என்ற விவரமும் இருப்பதில்லை. இந்த மூன்று தகவல்களையும் கட்டாயமாக்கினாலே ஒப்பீடு எளிதாகிவிடும். அதுவரை, இன்ஜினில் அறிகுறி உள்ளதா, அந்தப் படிவை எரிபொருள் தொடுகிறதா, புட்டியில் உள்ள பொருளின் பெயர் தெரிகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால் மட்டுமே அந்தச் சில நூறு ரூபாய்க்கு நியாயம் உண்டு.